கம்பியில்லா பேக்கப் பெட்டி: எதை நம்பி வாங்குகிறோம்?

"எந்த வைஃபை பேக்கப் டிரைவ் நல்லா உழைக்கும்?" என்று வருஷத்துக்கு நாலைந்து பேராவது என்னிடம் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவனுக்கு இது தெரிந்திருக்கும் என்ற நம்பிக்கை. பெட்டி எத்தனை வருஷம் உழைக்கும் என்பது ஒரு கேள்வி. ஒரு படமோ பத்திரமோ தொலைந்துபோன நாளில் அது திரும்பக் கிடைக்குமா என்பது வேறு கேள்வி. விற்பவர் முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதிவிட்டு, இரண்டுக்கும் சேர்த்துக் காசு வாங்கிக்கொள்கிறார். அந்த இடைவெளியைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இந்த வகைப் பெட்டிகளில் அதிகம் பேர் அறிந்தது ஆப்பிளின் டைம் கேப்ஸ்யூல். 2018 ஏப்ரலில் ஆப்பிள் அதைக் கைவிட்டுவிட்டது. செத்த பொருளை இப்போது எதற்கு விமர்சிக்க வேண்டும் என்று கேட்கலாம். இன்று கடையில் இருக்கும் பல பெட்டிகள் அதே எண்ணத்தில் செய்யப்பட்டவை. முழு ஆயுளும் முடிந்துபோன ஒரு பொருளை வைத்துப் பேசினால் நல்லது கெட்டது தெளிவாகத் தெரியும்.

முதலில் பாராட்டு

2007 அக்டோபரில் மேக் கணினிகளுக்கு டைம் மெஷின் என்ற மென்பொருள் வந்தது. கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கொரு பிரதி, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கொரு பிரதி, அதற்கு முன்னே வாரத்துக்கொரு பிரதி என்று அது தானாக எடுத்து வைக்கும். டிஸ்க் நிறைந்தால் பழையதைக் கழித்துக்கொள்ளும். ஆனால் மடிக்கணினியில் டிஸ்க்கை யாராவது செருக வேண்டுமே. 2008 ஜனவரியில் ஸ்டீவ் ஜாப்ஸ் டைம் கேப்ஸ்யூலை அறிமுகப்படுத்தினார். ஒரே வெள்ளைப் பெட்டிக்குள் வைஃபை ரவுட்டர், ஹார்டு டிஸ்க், பவர் சப்ளை மூன்றும் இருந்தன. 500 ஜிபி 299 டாலர், 1 டிபி 499 டாலர்.

இதில் ஒரு உண்மையான புத்திசாலித்தனம் இருக்கிறது. பேக்கப் எடுக்க எல்லாருக்கும் ஆசைதான். மறந்துபோகிறோம், அவ்வளவுதான். கம்பியை எடுத்துவிட்டால் மறதிக்கும் இடமில்லை. மேஜை டிராயரில் தூங்கும் நல்ல டிஸ்க்கைவிட, தினமும் ஓடும் சுமாரான பெட்டி மேல். கீழே சொல்லப்போகும் குறை எதுவும் இந்த நன்மையை அழித்துவிடாது.

114 வருஷக் கணக்கு

உள்ளே இருக்கும் டிஸ்க் "சர்வர் தரம்" என்று ஆப்பிள் விளம்பரம் செய்தது. இந்த மாதிரி டிஸ்குகளுக்குப் பழுதுகளின் சராசரி இடைவெளி 10 லட்சம் மணி நேரம் என்று அட்டவணையில் போடுவார்கள். வருஷத்துக்கு 8,760 மணி. வகுத்துப் பார்த்தால் 114 வருஷம். என் டிஸ்க் என் பேரன் காலத்திலும் ஓடும் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. ஆயிரம் டிஸ்குகளை ஓடவிட்டால் வருஷத்துக்கு சுமார் 9 போகும் என்பதுதான் அர்த்தம்.

அந்த 9 கூட காகிதக் கணக்கு. 2007ல் ஒரே மாநாட்டில் இரண்டு ஆய்வுகள் வந்தன. கூகுள்காரர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்ததில், ஆண்டுப் பழுது முதல் வருஷ டிஸ்குகளில் 1.7 சதவீதம், மூன்று வருஷமானவற்றில் 8.6 சதவீதத்துக்கு மேல். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வில் ஆண்டுக்கு 2 முதல் 4 சதவீதம் மாற்றவேண்டி வந்தது சாதாரணமாக இருந்தது. சில இடங்களில் 13 சதவீதம் வரை போனது.

சரி, டைம் கேப்ஸ்யூல் டிஸ்க் போயா செத்தது? அங்கேதான் வேடிக்கை. முதல் தலைமுறைப் பெட்டிகள் பல, ஒன்றரை வருஷம் தாண்டியதும் ஒருநாள் உயிர் வராமல் நின்றன. போனது பவர் சப்ளை. பெட்டியைப் பிரித்து டிஸ்க்கை வெளியே எடுத்தவர்கள் பலருக்கு அது நன்றாகவே ஓடியது. 2008 பிப்ரவரி முதல் ஜூன் வரை விற்றவற்றில் சிலவற்றுக்கு இந்தக் கோளாறு இருக்கலாம் என்று 2010 ஜூலையில் ஆப்பிள் ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. பத்து லட்சம் மணி நேரம் என்று பெருமை பேசப்பட்ட பாகம் உயிரோடு இருந்தது. விளம்பரத்தில் பேரே வராத பாகம் போனது.

காரணம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. பவர் சப்ளையில் எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் என்று சின்ன டப்பாக்கள் இருக்கும். உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் மெல்ல வற்றும். பத்து டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கைக்கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி என்று அச்சிட்ட கெப்பாசிட்டர், 75 டிகிரியில் 16,000 மணி தாங்கும். இரவும் பகலும் ஓடும் பெட்டியில் அது 22 மாதம்! டிஸ்க், ரவுட்டர், பவர் சப்ளை மூன்றும் ஒரே மூடிய பெட்டிக்குள் ஒன்றையொன்று சூடேற்றிக்கொண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம்.

எங்கள் வேதாரண்யத்தில் இன்னொரு கணக்கும் சேரும். அகஸ்தியம்பள்ளி உப்பளம் பக்கத்திலேயே. கடல் காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு சேர்ந்து செம்பு, இரும்பு எதையும் விடாது. ஜன்னல் கம்பியைத் தின்னும் காற்று, சர்க்யூட் போர்டை மட்டும் எப்படி விட்டுவைக்கும்? போதாததற்குக் கரண்ட் போய்ப் போய் வரும். இதற்கெல்லாம் பெட்டியின் அட்டவணையில் ஒரு வரிகூட இருக்காது.

கம்பி இல்லை என்றால் என்ன விலை?

சுவர் தாண்டிய வைஃபையில் நொடிக்கு 10 எம்பி கிடைத்தால் நல்ல வேகம் என்று வைத்துக்கொள்வோம். 500 ஜிபி போய்ச்சேர சுமார் 14 மணி நேரம். திரும்ப எடுக்கவும் அதே 14. நொடிக்கு 100 எம்பி தரும் யூஎஸ்பி டிஸ்க்கில் ஒன்றரை மணிக்குள் முடியும் வேலை. இது பொறுத்துக்கொள்ளக்கூடிய விலைதான்.

பெரிய விலை வேறு. டைம் மெஷின் வலையமைப்பு வழியாக எழுதும்போது உங்கள் கோப்புகளைக் கோப்புகளாகவே வைக்காது. மொத்தத்தையும் ஒரு டிஸ்க் பிம்பமாக்கி, அதை 8 எம்பி துண்டுகளாக நறுக்கி வைக்கும். எழுதும் நடுவில் மடிக்கணினி மூடப்பட்டால், வைஃபை அறுந்தால், கரண்ட் போனால், துண்டுகளுக்குள் கணக்கு பிசகலாம். அப்படிப் பிசகினால் திரையில் ஒரு செய்தி வரும்: பேக்கப்பைச் சரிபார்த்தாயிற்று, நம்பகத்தன்மையை மேம்படுத்தப் புதிய பேக்கப் ஒன்றை உருவாக்க வேண்டும் என்று. மென்பொருள் உலகில் நான் படித்த மிக நாசூக்கான வாக்கியங்களில் இது ஒன்று. பச்சையாகச் சொன்னால்: "உங்க பழைய பிரதிகள் கெட்டுப்போச்சு, முதல்ல இருந்து ஆரம்பிக்கிறேன்." இரண்டு வருஷத்துக்கு முன் அழித்த ஒரு கோப்பைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த மேம்பாட்டால் என்ன பயன்?

இங்கே எங்கள் ஊர்க் கதை ஒன்று பொருந்தும். மறைகள் பூசை செய்துவிட்டு மூடிப்போன திருமறைக்காட்டுக் கோயில் கதவைப் பற்றிப் பெரியபுராணம் சொல்கிறது. கதவு பத்திரமாகத்தான் இருந்தது. ஊர்க்காரர்கள் வேறு வாசல் வழியாகப் போய்வந்தார்கள். அப்பர் வந்து பதிகம் பாடித் திறந்தார். நம் வீட்டு டிஸ்க்குக்கு அப்பர் வரமாட்டார். பூட்டிய பெட்டி பத்திரமாக இருப்பது வேறு, வேண்டும்போது திறப்பது வேறு. டைம் கேப்ஸ்யூல் பேசும் ஏஎஃப்பி என்ற பழைய நெறிமுறை வருங்கால மேக் பதிப்பு ஒன்றில் நீக்கப்படும் என்று 2025ல் ஆப்பிளே அறிவித்துவிட்டது. அன்றைக்குப் பெட்டியும் டிஸ்க்கும் நன்றாகவே இருக்கலாம். கதவு மட்டும் திறக்காது.

ஒரே இரவில் காலி

ஆப்பிளை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் என்ற பெட்டி, வீட்டு ரவுட்டரில் செருகிவிட்டு எல்லாக் கணினியும் வைஃபை வழியாகப் பயன்படுத்தும் வகை. 2015க்குப் பிறகு அதற்கு மென்பொருள் திருத்தம் வரவில்லை. 2021 ஜூன் 23, 24 தேதிகளில் உலகின் பல மூலைகளில் இருந்தவர்கள் தங்கள் பெட்டி காலியாக இருப்பதைக் கண்டார்கள். இணையம் வழியாக யாரோ பெட்டியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பும் கட்டளையை அனுப்பியிருந்தார்கள். அதைச் செய்யக் கடவுச்சொல் கேட்க வேண்டிய நிரல் வரிகள் உள்ளே இருந்தன. ஆனால் செயல்படாதபடி குறிப்பாக மாற்றி வைக்கப்பட்டிருந்தன. 2011ல் நடந்த ஒரு மாற்றத்தில் நேர்ந்தது என்று கம்பெனி விளக்கியது. பெட்டியை உடனே இணையத்திலிருந்து கழற்றிவிடுங்கள் என்றும் சொன்னது.

டிஸ்க்கில் ஒரு கீறல் இல்லை. பழுது விகிதக் கணக்குப்படி அவை ஆரோக்கியமான பெட்டிகள்! தன் கட்டளைக்கு ஒழுங்காகக் கீழ்ப்படிந்து எல்லாவற்றையும் அழித்தன.

ஒரு வீடு, ஒரு கூரை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறியது. ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடும் கூரையும் போன வீட்டில், மேஜைமேல் இருந்த கணினிக்கும் அலமாரிமேல் இருந்த பேக்கப் பெட்டிக்கும் வித்தியாசம் என்ன? இரண்டும் நனைந்தன. வைஃபை எட்டும் தூரம்தான் இந்தப் பெட்டியின் எல்லை. அந்த எல்லைக்குள் நடக்கும் திருட்டு, தீ, வெள்ளம், புயல், மின்னல் எல்லாம் மூலத்தையும் பிரதியையும் சேர்த்தே பார்க்கும். கம்பியில்லா பேக்கப்பின் அடிப்படைக் குறை என்று நான் நினைப்பது இதுதான். வசதிக்காகப் பிரதியை மூலத்தின் பக்கத்திலேயே குடிவைக்கிறோம்.

இதை நம்ம பக்கத்துக்காரர்கள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே யோசித்திருக்கிறார்கள். சோழர் கால அறக்கொடைகளைக் கல்லிலும் செம்பிலும் வெட்டுவது வழக்கம். கல் கோயில் சுவரில் நிற்கும், செப்பேடு வேறொருவர் கையில் இருக்கும். இரண்டு ஊடகம், இரண்டு இடம். கும்பகோணம் பக்கம் திருக்கோடிக்காவல் கோயிலைச் செம்பியன் மாதேவி கற்றளியாக மாற்றிக் கட்டியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதிய சுவரில் படியெடுத்து வெட்ட வைத்தார். பழைய கல் கழிக்கப்பட்டது, எழுத்து தொடர்ந்தது. பழைய கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்கு மாற்று என்று நாங்கள் அலுவலகத்தில் கத்திக்கொண்டிருப்பது இதைத்தானே? இன்றைய படம் எடுக்கும் கும்பல் பெட்டியின் உழைப்பைக் கேட்கிறது. அந்த அம்மையார் எழுத்தின் உழைப்பைக் கேட்டார்.

எனக்கு இது வெறும் விவாதம் கிடையாது. டெல்டாக் கோயில்களில் எடுத்த கல்வெட்டுப் படங்கள் சில ஆயிரம் என்னிடம் உண்டு. திருப்பணியில் மணல் வீசிச் சுத்தம் செய்ததில் எழுத்து மழுங்கிப்போன சுவர்களும் அதில் இருக்கின்றன. மறுபடி போய் எடுக்க அங்கே எழுத்து இல்லை. உப்பளத்தில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் 1977 புயலைப் பற்றிப் பேசிய 40 நிமிடப் பதிவும் இருக்கிறது. அவர் இப்போது இல்லை. மூலம் அழிந்த பிறகு பிரதிதான் மூலம்.

அப்ப என்னதான் பண்றது?

பெட்டி வாங்குங்கள். என் வீட்டிலும் ஒன்று ஓடுகிறது, வேறு கம்பெனி. ஆனால் அதை மூன்றில் ஒன்றாக மட்டும் வையுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வெளியூரில் என்பது புகைப்படக்காரர் பீட்டர் குரோக் பரப்பிய விதி.

முதல் பிரதி கணினியில். இரண்டாவது வைஃபை பெட்டியில். அதை இன்வெர்ட்டர் லைனில் போடுங்கள், வெளியிலிருந்து அணுகும் வசதியை அணைத்துவிடுங்கள், காற்றோட்டம் கொடுங்கள். மூன்றாவது ஒரு சாதாரண யூஎஸ்பி டிஸ்க். அதில் எந்தக் கம்பெனி வடிவமும் வேண்டாம். படத்தைப் படமாகவே, பதிவைப் பதிவாகவே வையுங்கள். எந்தக் கணினியிலும் திறக்கும்.

அந்த டிஸ்க் வெளியூரில் இருக்கட்டும். நொடிக்கு 10 மெகாபிட் ஏற்றும் இணைப்பில் 1 டிபியை மேகத்துக்கு அனுப்ப ஒன்பது நாளுக்கு மேல் ஆகும். திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி வழியாகத் தஞ்சாவூர் போகும் பஸ்ஸில் பையில் போட்டால் அரை நாள். என் டிஸ்க் தஞ்சாவூரில் மாமா வீட்டு பீரோவில் இருக்கிறது. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது இன்னொன்றை வைத்துவிட்டு இதை எடுத்து வருவேன்.

கடைசியாக ஒரு வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏதாவது இருபது கோப்புகளைப் பெட்டியிலிருந்து வேறொரு கணினிக்குத் திருப்பி எடுத்துத் திறந்து பாருங்கள். படம் முழுதாக வருகிறதா, குரல் கேட்கிறதா என்று பாருங்கள். கால் மணி நேர வேலை. பெட்டியின் அட்டவணை தராத ஒரே எண் அதுதான்: இருபதுக்கு எத்தனை திரும்பியது? என் கடைசிச் சோதனையில் இருபதும் வந்தன. அடுத்தது தை மாதம்.