மாற்றான் கையெழுத்து

சொந்தப் பாணி இல்லாதவன் கலைஞனே அல்லன் என்பது நம்மிடையே வெகு காலமாக நிலவி வரும் கொள்கை. "நன்றாகத்தான் எழுதுகிறார், ஆனால் இன்னாரைப் போல எழுதுகிறார்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் போதும். அந்த எழுத்தாளரின் கதை அன்றோடு முடிந்தது. சித்திரக்காரருக்கும் இதே சட்டம்தான். நானும் கதை எழுதிக் காலம் தள்ளுகிறவன். இந்தச் சட்டத்தின் நியாயம் எனக்குத் தெரியும். ஆனால், பிறருடைய கையெழுத்திலேயே சித்திரம் போட்டு, அந்தக் காரணத்துக்காகவே இன்றும் நினைவில் நிற்கிற ஒரு மனிதர் இதற்குள் அடங்க மறுக்கிறார். அவர் பெயர் வில் எல்டர், அமெரிக்கக் கேலிச்சித்திரக்காரர்.

தமிழ் வாசகர்களில் அவரை அறிந்தவர்கள் சிலரே இருப்பார்கள். 'மேட்' என்ற அமெரிக்க ஹாஸ்யப் பத்திரிகையின் பெயரைக் கேட்டவர்கள் அதிகம் இருக்கலாம். 1952-ல் ஹார்வி கர்ட்ஸ்மன் என்பவர் அதை ஆரம்பித்தபோது அது மலிவு விலைச் சித்திரக்கதைப் புத்தகமாகத்தான் வந்தது. கதையைக் கர்ட்ஸ்மன் எழுதுவார். எந்தக் கட்டத்தில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் அவரே கோடிட்டுக் கொடுத்துவிடுவார். அந்தக் கோடுகளுக்கு ரத்தமும் சதையும் கொடுத்தவர்களில் முக்கியமானவர் எல்டர். இருவரும் நியூயார்க்கில் ஒரே கலைப் பள்ளியில் படித்தவர்கள். 1921-ல் பிறந்த எல்டர் 2008-ல் காலமானார்.

அவர் செய்த காரியத்துக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 1955 ஜனவரி இதழில் மிக்கி மவுஸைப் பரிகாசம் செய்து 'மிக்கி ரோடன்ட்' என்று ஒரு கதை வந்தது. டிஸ்னி சித்திரங்களின் உருண்டைக் காதுகள், பளபளக்கும் மூக்கு, நான்கு விரல் கை எல்லாம் அச்சு அசலாக அதில் இருக்கின்றன. ஆனால் இந்த எலி முகச்சவரம் செய்துகொள்ளவில்லை. மூக்கில் ஓர் எலிப்பொறி வேறு தொங்குகிறது. வெள்ளைக் கையுறை அணியாமல் தெருவுக்கு வந்த குற்றத்துக்காக ஒரு குதிரையைப் போலீஸார் இழுத்துக்கொண்டு போகிறார்கள். தன்னைவிட அதிகப் பேர் வாங்கிவிட்ட வாத்தின் மேல் பொறாமை கொண்ட எலி, கடைசியில் அதைத் தந்திரமாக மிருகக்காட்சிச் சாலையில் நிஜ வாத்துகளோடு அடைத்துவிடுகிறது.

இதைப் படித்த பிறகுதான் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது: இந்தப் பிராணிகள் எல்லாம் ஏன் வெயிலிலும் மழையிலும் கையுறை போட்டுக்கொண்டே இருக்கின்றன? லட்சக்கணக்கானவர்கள் பார்த்தும் கேட்காமல் விட்ட கேள்வி அது. சிரிப்புக்குப் பின்னால் இருக்கும் கட்டுப்பாட்டையும் கெடுபிடியையும் பற்றி ஒரு விமரிசகர் பத்துப் பக்கம் எழுதியிருக்கலாம். படித்தவர்கள் தலையாட்டிவிட்டுப் போயிருப்பார்கள். எல்டர் அதே கோட்டில் அதே குதிரையை வரைந்து, அதைப் போலீஸார் பிடியில் காட்டினார். குற்றவாளியின் கையெழுத்திலேயே எழுதிய குற்றப்பத்திரிகை என்று அதைச் சொல்லலாம்.

இது நமக்குப் புதிய சங்கதி அன்று. எங்கள் சூளகிரியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். ராஜா எந்த நடையில் வந்தாரோ அந்த நடை, எந்த ராகத்தில் பாடினாரோ அந்த ராகம். ஒரு முழம் மட்டும் கோணலாக நடந்து காட்டுவான். துரியோதனனின் கம்பீரம் அங்கேயே பொலபொலவென்று உதிர்ந்துவிடும். அந்தக் கோணல் நடையை நடக்க அவனுக்கு நேரான நடை முதலில் தெரிந்திருக்க வேண்டும். ராஜ வேஷம் கட்டுகிறவனுக்குத் தன் பாட்டு தெரிந்தால் போதும். கட்டியக்காரனுக்கு எல்லார் பாட்டும் தெரிய வேண்டும்.

அதே சூளகிரியில், ஓசூர் போகும் சாலையோரத்துப் பட்டறைகளில், இன்னொரு விதமான போலி செய்கிற கலையும் உண்டு. உடைந்துபோன உதிரிப் பாகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, "இதே மாதிரி ஒன்று வேண்டும்" என்பார்கள். லேத்தில் நிற்கிற ஆள் அதை உடனே அளந்து கடைந்துவிட மாட்டார். விரலால் தடவிப் பார்த்து, இந்தப் பள்ளம் வேண்டுமென்று போட்டதா, தேய்ந்து விழுந்ததா என்று யோசிப்பார். அது தெரியாமல் கடைந்தால், தேய்மானமும் சேர்ந்து புதிய பாகத்தில் வந்து உட்கார்ந்துவிடும். எல்டரின் திறமை இந்த ஜாதியைச் சேர்ந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. மூலச் சித்திரக்காரரின் எந்தக் கோடு கலை, எந்தக் கோடு வெறும் பழக்கம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பழக்கத்தை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார்.

இங்கே நம் ஆர். கே. லக்ஷ்மணை நினைக்காமல் இருக்க முடியாது. எங்கள் எல்லைக்கு அப்பால் மைசூரில் 1921 அக்டோபரில் பிறந்தவர். எல்டருக்கு ஒரு மாதமே இளையவர். பிள்ளைப் பிராயத்தில் 'ஹிந்து' பத்திரிகையில் வந்த டேவிட் லோவின் கேலிச்சித்திரங்களில் சொக்கிப்போனவர். 'லோ' என்ற கையெழுத்தை வெகுநாள் வரை 'கவ்' என்றே படித்து வந்தாராம்! லோவின் தடித்த தூரிகைக் கோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அவருடைய கோடும் பழகிற்று. ஆனால், 1951-ல் கட்டம் போட்ட கோட்டும் வேட்டியுமாக ஒரு சாமானிய மனிதர் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் வந்து நின்றபோது, லோ பின்னுக்குப் போய் லக்ஷ்மண் முன்னால் வந்துவிட்டார். லக்ஷ்மணுக்குப் பிறர் பாணி ஏணி; ஏறியதும் விட்டுவிட்டார். எல்டரோ ஏணியிலேயே குடித்தனம் செய்தவர்.

ஏணியில் குடியிருந்தவருக்கு என்று எதுவும் இல்லையா என்றால், இருந்தது. அவர் சித்திரங்களின் பின்னணியைப் பார்க்க வேண்டும். கதைக்குச் சம்பந்தமே இல்லாமல் சுவரில் விளம்பரங்கள், ஜன்னலில் தலைகள், மூலையில் ஒரு சண்டை என்று ஒவ்வொரு கட்டமும் சந்தைக் கூட்டமாக இருக்கும். இதற்கு அவர் வைத்த பெயர் 'கோழிக் கொழுப்பு'. சூப்பில் மிதக்கும் கொழுப்பு உடம்புக்கு ஆகாது, ஆனால் ருசி அதில்தானே இருக்கிறது என்பது அவர் கட்சி. சில இடங்களில் கொழுப்பு அதிகமாகிச் சூப்பே தெரியாமல் போகிறது என்பதும் உண்மை. ஆனால் அந்த நெரிசலைப் பார்த்தால், கையெழுத்துப் போடாமலே அது எல்டர் என்று சொல்லிவிடலாம். மாற்றான் முகமூடிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த சொந்த முகம் அது.

முகமூடி போட்டவனுக்கு ஆபத்தும் உண்டு. நம் ரயிலடிப் புத்தகக் கடைகளிலும் விற்ற ஆர்ச்சி சித்திரக்கதைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1954-லேயே 'ஸ்டார்ச்சி' என்ற கதையில் எல்டர் அந்த நல்ல பிள்ளைகளை ரவுடிகளாக்கிக் காட்டினார். கர்ட்ஸ்மன் 'மேட்'டை விட்டு விலகியபோது எல்டரும் கூடவே போனார். இருவரும் ஈடுபட்ட 'டிரம்ப்', 'ஹம்பக்' என்ற பத்திரிகைகள் இரண்டும் 1957-ல் பிறந்து, அடுத்த ஆண்டுக்குள் மறைந்தன. பிறகு, 1962-ல் 'ஹெல்ப்' பத்திரிகையில் மறுபடியும் ஆர்ச்சி கும்பலை வரைந்தார்கள். குட்மேன் பீவர் என்ற வெகுளி சொந்த ஊர் திரும்புகிறான். பழைய தோழர்கள் 'பிளேபாய்' பத்திரிகை காட்டும் சுகபோக வாழ்க்கையில் மூழ்கிக் கிடக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவனான பையன் அதற்காகச் சாத்தானிடம் ஆத்மாவை விற்றிருக்கிறான்! ஆர்ச்சியின் சொந்தக்காரர்கள் வழக்கென்று கிளம்பினார்கள். கடைசியில் கதையின் உரிமையையே அவர்களிடம் ஒப்படைக்க நேர்ந்தது. பல ஆண்டுகள் அது மறு அச்சுக்கு வரவே இல்லை. அந்த உரிமை காலாவதியானது தெரிய வந்து, 2004-ல்தான் மீண்டும் வெளியாயிற்று.

ஆனால் எல்டரை முடக்கியது வழக்கு அன்று என்பது என் அபிப்பிராயம். அதே 1962-ல், தாங்கள் பரிகாசம் செய்த அதே 'பிளேபாய்' பத்திரிகையிலேயே கர்ட்ஸ்மனும் எல்டரும் வேலைக்கு அமர்ந்தார்கள். குட்மேனைப் பெண்ணாக மாற்றி 'லிட்டில் அன்னி ஃபேனி' என்று வண்ணச் சித்திரக்கதை போட்டார்கள். அது 1988 வரை வந்தது. இருபத்தாறு வருஷம்! வேலைப்பாட்டைக் குறை சொல்ல முடியாது. நீர்வண்ணத்தில் அவர் காட்டிய நயத்தைப் பார்த்தால் மூச்சு நிற்கிறது. ஆனால் பழைய கடி இல்லை. யாரைக் கேலி செய்வது என்ற கேள்விக்கே பத்திரிகை முதலாளியின் ஒப்புதல் வேண்டியிருந்தது. ராஜாவே சம்பளம் கொடுத்து அரண்மனையில் வைத்துக்கொண்ட கட்டியக்காரன் எந்த ராஜாவைப் போல நடந்து காட்டுவான்?

அவரைப் பழிப்பது என் நோக்கமில்லை. நடத்திய பத்திரிகைகள் நின்றுபோக, குடும்பம் ஒன்று பின்னால் இருக்க, மாதாமாதம் ஒழுங்காகப் பணம் வருகிற இடத்தில் ஒரு கலைஞன் போய் உட்கார்ந்தால் அதைத் தவறென்று சொல்லப் பத்திரிகைகளை நம்பி எழுதுகிற எனக்கு வாய் வராது. வீட்டு வாடகைக்கும் பிள்ளைகளின் பள்ளிச் சம்பளத்துக்கும் கொள்கை தெரியாது. ஆனால் கணக்கு என்று ஒன்று உண்டு. இன்று அவரை நாம் பேசுவது மலிவுக் காகிதத்தில் அவசர அவசரமாகப் போட்ட ஒரு சில வருஷத்துச் சித்திரங்களுக்காக. வழவழப்புக் காகிதத்தில் நிதானமாகத் தீட்டிய இருபத்தாறு வருஷத்துக்காக அல்ல.

ஆகவே, இன்னொருவர் பாணியில் எழுதினார், வரைந்தார் என்பதற்காக எவரையும் தள்ளிவிட வேண்டாம் என்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவர் யாருடைய பாணியை எடுத்தார், எடுத்து அதை என்ன கேள்வி கேட்டார் என்று பாருங்கள். அந்தக் கேள்வி அவருடைய சொந்தச் சொத்தாக இருந்தால், கையெழுத்து யாருடையதாக இருந்தால் என்ன?