கங்காணியும் பிஷப்பும் ஒரே சொல்லாமே!

இரண்டு வாரமாக என் வீட்டில் யாரும் என் பக்கத்தில் உட்காருவதில்லை. வாயைத் திறந்தால் சொல்லாராய்ச்சி. நான் என்ன செய்ய? கிடைத்தது அப்படிப்பட்ட புதையல்!

பத்தாங் பெர்ஜுந்தையில் தோழி வீட்டு ஜெபக்கூட்டம். ஊர்ப் பெயரைப் பெஸ்தாரி ஜெயா என்று மாற்றியும் எங்கள் வாய்க்கு இன்னும் பழைய பெயர்தான். நான் முருகன் கோயில் ஆள். அவள் வைக்கும் கோழிப் பிரட்டலுக்காகப் போனவள். முதலாம் தீமோத்தேயு மூன்றாம் அதிகாரம் வாசித்தார்கள். சபையை நடத்துகிறவர் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் பகுதி. அவரைப் பழைய தமிழ் பைபிள் எப்படிக் குறிப்பிடுகிறது தெரியுமா? கண்காணி!

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்தவளுக்குக் கங்காணி யாரென்று சொல்லியா தர வேண்டும்? ஊரில் ஆள் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவர். விடியுமுன் பெரட்டு வரிசையில் தலை எண்ணியவர். வேலைக்கு இறங்கிய தலைக்கு இவ்வளவு என்று காசு வாங்கியவர். 1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதைத் தடுத்தது. கங்காணி என்ற பெயர் மட்டும் தோட்டத்தை விட்டுப் போகவில்லை.

வீட்டுக்கு வந்து இரவெல்லாம் தேடினேன். கிரேக்கத்தில் எபிஸ்கோபோஸ். எபி என்றால் மேல், ஸ்கோபோஸ் என்றால் பார்க்கிறவர். அதுதான் ஆங்கிலேயர் வாயில் தேய்ந்து பிஷப் ஆனது. மேலிருந்து கண் வைத்துக் காண்கிறவர் கண்காணி. அச்சில் வார்த்த மாதிரி இல்லை? அதே கண்காணிதான் தோட்டத்தில் கங்காணி!

அதோடு விட்டதா? பாஸ்டர் என்கிறோமே, லத்தீனில் அது ஆடு மேய்ப்பவர். மேய்ச்சல் காட்டித் தீனி கொடுப்பது என்ற வினையிலிருந்து வந்தது. நம் மேய்ப்பரும் அச்சு அசல் அதே: தான் மேய்வதில்லை, மேய வைக்கிறவர். பேதுருவின் முதல் நிருபம் இரண்டாம் அதிகாரத்தின் கடைசியில் மேய்ப்பரும் கண்காணியும் ஒரே வரியில் தோளோடு தோள் நிற்கிறார்கள். அதைக் கண்டதும் நடுராத்திரியில் தனியாகக் கை தட்டினேன்.

கத்தோலிக்கர் சொல்லும் ஆயர் இன்னும் அழகு. ஆ என்றால் பசு. முல்லை நிலத்து ஆயர், சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் எல்லாம் மாட்டுக்காரர்கள். ஆட்டு வாடை அடிக்கும் பதவிக்குத் தமிழில் பால் வாசம்! கோலாலம்பூர்ப் பேராயரைப் பதம் பிரித்தால் பெரிய மாட்டுக்காரர். பாதிரியார் போர்த்துகீசிய 'பாத்ரே', அதாவது அப்பா. மலாய்க்காரர் சொல்லும் பாடெரியும் அதே அப்பாதான். அவர்கள் தேவாலயத்துக்குச் சொல்லும் கெரெஜாவும் போர்த்துகீசியர் இறக்கிவிட்டுப் போன சரக்கே.

மறுவாரம் தென்னமரம் தோட்டத்துப் பக்கம் போனேன். 1917-இல் ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்கு எண்ணெய்ப்பனை நட்ட இடம். நட்டது எண்ணெய்ப்பனை, பெயரோ தென்னமரம்! அந்தப் பனை நிழலில் ஒரு தாத்தா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். கையில் தொரட்டி. நுனிக் கொக்கியால் கிளையை வளைத்து இழுக்க, குட்டிகள் முன்னங்கால் தூக்கி இலையைப் பிடுங்கின. பிஷப் பிடிக்கும் கோலின் வளைந்த தலையும் இந்த மேய்ப்பர் கைக்கோல்தானே என்று நினைத்தபோது சிலிர்த்தது.

பொழுது சாய்ந்ததும் தொரட்டியை நீட்டி எண்ணத் தொடங்கினார். என் கண்டுபிடிப்பை மூச்சுவிடாமல் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

“எங்கப்பாவையும் கங்காணி இப்படித்தான் எண்ணுனாரு பாப்பா. ஒரு தல கொறஞ்சா அவருக்குக் காசு கொறையும்.”

“அப்போ ஆயர், மேய்ப்பர்னு...” என்று நான் அடுத்ததை எடுத்தேன்.

“இரு, பதினேழுதான் இருக்கு. செவலக் குட்டியக் காணோம்.”

பதினேழையும் என் பொறுப்பில் விட்டுவிட்டு இருட்டிய பனை வரிசைக்குள் “பா... பா...” என்று கூப்பிட்டபடி நடந்தார். இன்னும் ஏழெட்டுச் சொல் என் கைவசம் இருந்தது. வாயை மூடிக்கொண்டு ஆடுகளைக் கண்காணித்தேன்.