படிமமும் பாடமும்: மலையக மின்னூல்களை முன்வைத்து ஒரு நோக்கு

லுணுகலை என்னும் ஊர்ப்பெயர் தமிழிலக்கணத்துக்கு அடங்காதது. லகரம் மொழிக்கு முதலில் வாராதென்பது தொல்காப்பியத்துக்கும் நன்னூலுக்கும் உடன்பாடான விதி. ஆயினும், பதுளையிலிருந்து பசறை வழியாகப் பிபிலைக்கும் அப்பால் மட்டக்களப்புக்கும் செல்லும் பெருந்தெருவிலுள்ள அவ்வூரின் சிங்களப் பெயரை ஏற்று, இறுதியில் ஓர் ஐகாரத்தைச் சேர்த்துத் தமதாக்கிக்கொண்ட தோட்டத் தமிழர், இலக்கண நூலாரைக் கேட்டு அதனைச் செய்தாரல்லர். அவர்தம் குடியிருப்பின் பெயரும் அத்தகையதே. ஆங்கிலச் சொல்லொன்று முதலில் 'லயன்' ஆகிப் பின்னர் 'லயம்' ஆயிற்று. முன்னதில் ஆங்கிலத்தின் ஒலி எஞ்சி நிற்கிறது. பின்னதில் அது முற்றாகத் தமிழாகிவிட்டது. ஓர் எழுத்தாளர் இவற்றுள் எதனை எழுதினார், எக்கதையில், எக்காலத்தில் எழுதினார் என்பது, மலையக மொழியின் வரலாற்றை எழுதப் புகுவோனுக்குச் சான்றாகும். மலையக நூல்கள் மின்னூல்களாகும்போதும், அம்மின்னூல்கள் மீண்டும் திருத்தத்தக்க எழுத்தாவணங்களாக மாற்றப்படும்போதும், முதலில் அழியும் சான்றும் இதுவே.

மலையக இலக்கியத்தைத் தேடும் மாணவர்க்கு இன்று பெருந்துணையாக விளங்குவது 2005 இல் தொடங்கப்பெற்ற நூலகம் எண்ணிம நூலகமாகும். குன்றின் குரல், தீர்த்தக்கரை, கொழுந்து முதலிய சஞ்சிகைகளின் இதழ்களைத் தேடி ஊரூராக அலையவேண்டியிருந்த நிலை அதனால் மாறியது. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. 1983 யூலையில் பதுளை நகரும் எரிந்தது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிந்து லயங்கள் புதையுண்டன. தாளை மட்டும் நம்பியிருக்கவியலாத இத்தகைய நாட்டிலே, பக்கங்களைப் படமெடுத்துக் காப்பதை முதற்கடமையாகக் கொண்டவர்களைக் குறைகூறுதல் தகாது.

எனினும், படிமம் வேறு, பாடம் வேறு. நூலகம் திட்டம் தன் தொடக்க நாள்களில் நூல்களைத் தட்டச்சிட்டே வெளியிட்டது. அதற்கு முன்னோடியாக, கலாநிதி கு. கல்யாணசுந்தரத்தின் முயற்சியால் 1998 இல் உருவான மதுரைத் திட்டமும் தொண்டர்கள் எழுத்தெழுத்தாகத் தட்டிய பாடங்களையே தந்தது. நூலகமோ பின்னர்ப் படிமங்களையே பெரிதும் நாடலாயிற்று. ஒரு நூலைத் தட்டும் காலத்தில் நூற்றுக்கணக்கான நூல்களைப் படமெடுத்துவிடலாமாதலின் அம்முடிவு நியாயமானதே. ஆனால் அதன் விளைவையும் மனங்கொள்ளவேண்டும். படிமத்திலே 'பத்துச்சிட்டை' என்னும் சொல்லைத் தேடமுடியாது. இரு பதிப்புக்களை ஒப்புநோக்கமுடியாது. சொல்லடைவு ஆக்கமுடியாது. விழிப்புலனற்ற மாணவனுக்குக் கணினி அதனை வாசித்துக் காட்டவும் மாட்டாது. நூல் பிழைத்தது, அதன் மொழி மாத்திரம் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.

அப்பெட்டியைத் திறக்கும் வழி நூலுக்கு நூல் வேறுபடுகிறது. மின்னூல் ஈபப் வகையினதாயின் வேலை எளிது. அவ்வகைக் கோப்பு ஒரு பொதி. அதனுள்ளே வலைப்பக்கங்களை ஒத்த எழுத்துக் கோப்புக்கள் அடுக்கப்பட்டிருக்கும். பான்டொக் என்னும் கட்டற்ற மென்பொருள் அதனை நேரே திறந்த ஆவண வடிவமாக மாற்றித்தரும். காலிபர் கொண்டு வேர்டுக் கோப்பாக்கி, லிப்ரே ஒபிஸில் திறந்து அவ்வடிவத்திற் சேமிப்போரும் உளர். 2005 இல் ஓயாசிஸ் அமைப்பு ஏற்று, 2006 இல் பன்னாட்டு நியமமாகிய அத்திறந்த ஆவண வடிவமும் அவ்வாறே ஒரு பொதிதான். நாளை லிப்ரே ஒபிஸ் வழக்கொழிந்தாலும், பொதியை அவிழ்த்தால் உள்ளே எழுத்து வாசிக்கத்தக்கதாக இருக்கும். அதன் இலக்கணம் எவரும் படிக்கத்தக்கதாக வெளியிடப்பட்டுள்ளது. பேஜ்மேக்கரில் அச்சுக்கோத்த நூல்களின் கதி இதற்கு மறுதலை. அம்மென்பொருளின் வளர்ச்சி நின்றுபோயிற்று. அதன் கோப்புக்களைக் கையில் வைத்திருப்போரும் திறக்க வழியின்றித் திகைக்கின்றனர். கடை விற்கும் பூட்டிட்ட மின்னூல்கள் வேறொரு வகை. அவற்றை வாங்கியவர் வாசிக்கலாமேயன்றி வேறெதுவும் செய்தற்கு உரியரல்லர். ஆய்வாளனுக்கு அவை பெரும்பயன் தாரா.

சிக்கல் தொடங்குவது பிடிஎப் கோப்புக்களிலேதான். ஈழத்தில் ஒருங்குறி பரவுமுன் கணினியில் அச்சுக்கோக்கப்பட்ட நூல்களிற் பல பாமினி போன்ற எழுத்துருக்களால் ஆனவை. அவற்றில் கண்ணுக்குத் தமிழ் தெரியும். கோப்பினுள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்து. 'தமிழ்' என்ற சொல்லைப் பிரதிசெய்து வேறோரிடத்தில் ஒட்டினால், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துக்களும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். இதற்கு மாற்றிகள் உள. ஆயினும், அவ்வெழுத்துருக்களில் கொம்பு தன் மெய்க்கு முன்னே சேமிக்கப்பட்டிருக்கும். ஒருங்குறியிலோ மெய்க்குப் பின்னே வருதல் வேண்டும். மாற்றி இவ்விடத்திற் சிறிது தவறினாலும் 'கொழுந்து' தன் கொம்பை முந்திய சொல்லுக்கு ஈந்துவிட்டுக் காலோடு மட்டும் நிற்கும். திரையிற் சரியாகத் தோன்றி உள்ளே பிழையாக இருப்பதும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டிய கோப்புக்கள் இதற்கு நல்ல உதாரணம். கண்ணுக்கு அகப்படாத இப்பிழை தேடும்போதே வெளிப்படும்.

ஈய எழுத்தில் அச்சான பழைய நூல்களுக்கு எழுத்துணரி மென்பொருளே கதி. இங்கே மூலபாடத் திறனாய்வின் பழைய பிரச்சினையொன்று புதுக்கோலத்தில் மீள்வதைக் காணலாம். ஏட்டுச் சுவடிகளில் புள்ளி இல்லை. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை. குறில் கொம்பும் நெடில் கொம்பும் ஒன்றே. 1887 இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும், அதே ஆண்டில் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையரும் இடத்துக்கிடம் இதனைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. இன்று எழுத்துணரியும் மங்கிய அச்சில் காலை ரகரமாக வாசித்துக் 'கெரழுந்து' என்று எழுதுகிறது. தமிழகத்தின் 1978 ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முற்பட்ட கொம்புடைய 'லை', 'ணை', 'னை' வடிவங்களைக் கண்டதும் அது தடுமாறுகிறது. லுணுகலையின் இறுதியெழுத்துக்கே ஆபத்து என்றறிக. இரு பதிப்பாசிரியர்க்கும் யாப்பும் உரையும் கைகொடுத்தன: எதுகை பிழைத்தால் பாடம் பிழை. மலையகச் சிறுகதைக்கு எதுகையுமில்லை, உரையாசிரியருமில்லை; அச்சொல்லை வாயால் வழங்கிய மக்களே உரை.

எழுத்துணரியின் பிழையினும் கொடிது திருத்துவோரின் திருத்தம். தோட்டத்தில் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் இடம் பெரட்டுக்களம். கதைகளில் அது 'பிரட்டு' எனவும் 'பெரட்டு' எனவும் வரும். சொற்பிழை திருத்தியை நம்பும் மெய்ப்பாளர் இதனைப் 'புரட்டு' ஆக்கிவிடக்கூடும். (பெரட்டுக்களத்தில் போடப்பட்ட பேர்க் கணக்கை அறிந்த முதியோர், அது பிழையான திருத்தமன்று என நகைக்கவும் கூடும்.) காம்பரா, இஸ்தோப்பு, தொங்கல், கவ்வாத்து, கைக்காசு, படங்கு என்பனவும் இவ்வகையின. அகராதியில் இல்லாதனவெல்லாம் பிழையெனக் கொள்ளும் கருவிக்கு மலையகத் தமிழ் முழுவதும் பிழையாகவே தோன்றும். என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' 1980 இல் தொகுதியாக வந்தது. அதன் பாத்திரங்கள் பேசும் மொழியைச் செந்தமிழாக்கிய ஒரு மின்பதிப்பு வருமாயின், பேச்சுத்தமிழை இலக்கியத் தகுதிக்கு உயர்த்த அத்தலைமுறை பட்ட பாடு கதைகளிலிருந்தே அழிந்துபோகும். சி. வி. வேலுப்பிள்ளை தொகுத்து 1983 இல் வெளியான மலைநாட்டு மக்கள் பாடல்களுக்கோ இது இன்னும் பெருங்கேடு. அவை வாய்மொழியாக வழங்கியவை. ஒலியே அவற்றின் பொருளிற் பாதி. வரி முறிவைக் காக்காத மாற்றம் பாடலை உரைநடையாக்கிவிடும். ஈபப்பிலிருந்து எழுத்தாவணமாக்கும்போது இது அடிக்கடி நேர்வது.

இன்னொரு குறை பல்கலைக்கழகத்தாரையே நேராகத் தாக்குகிறது. திறந்த எழுத்தாவணங்களாக மாற்றப்படும் நூல்களிற் பெரும்பாலானவற்றில் பக்க எண் உதிர்ந்துவிடுகிறது. பதிப்பாண்டு, அச்சகம், முன்னுரை, அருஞ்சொல் விளக்கம் என்பனவும் தேவையற்றனவெனத் தள்ளப்படுகின்றன. தெளிவத்தை ஜோசப் பழைய நாளிதழ்ப் பக்கங்களிற் சிதறிக்கிடந்த மலையகச் சிறுகதைகளைத் தேடித் தொகுத்தவர். தாம் ஆசிரியராக இருந்த தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் சூடியவர். எக்கதை எப்பத்திரிகையில் எவ்வாண்டில் வந்தது என்பதில் அவர் காட்டிய அக்கறையை நம் மின்பதிப்பாளர் காட்டுவாரல்லர். பக்கவெண் அற்ற பாடத்தை மேற்கோள் காட்டும் ஆய்வேட்டைப் பரிசோதகர் எவ்வாறு சரிபார்ப்பார்? மூலநூலின் ஒவ்வொரு பக்கமும் முடியுமிடத்தில் எண்ணை அடைப்புக்குள் இடுவது கடினமானதன்று. திருத்திய இடமெல்லாம் மூலவடிவத்தை அடிக்குறிப்பிற் காட்டுவதும் அத்தகையதே. திறந்த ஆவண வடிவம் இரண்டுக்கும் இடந்தருகிறது. இத்துறையில் தமிழ் விக்கிமூலத்தின் முறை பின்பற்றத்தக்கது: ஒரு பாதியிற் பக்கத்தின் படிமம், மறுபாதியில் எழுத்து, ஒருவர் மெய்ப்புப் பார்த்த பக்கம் மஞ்சள், மற்றொருவர் சரிபார்த்தபின் பச்சை. படிமமும் பாடமும் பிரியாதிருத்தலே அதன் சிறப்பு. ஆயினும் பச்சை நிறமிட்டவருக்குக் கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியை வெட்டிவிடுதல் என்பது தெரிந்திருந்ததா என்பதை அந்நிறம் சொல்லாது.

உரிமை பற்றியும் ஒன்று கூறவேண்டும். இலங்கையின் 2003 ஆம் ஆண்டு 36 ஆம் இலக்கப் புலமைச்சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியர் மறைந்து 70 ஆண்டுகள் வரை பதிப்புரிமை நீடிக்கும். சி. வி. 1984 இல் மறைந்தார். தெளிவத்தை ஜோசப் 2022 இல். முன்னவர் நூல்களே 2054 வரை காப்புடையன. ஆதலின் ஆசிரியரிடமோ அவர்தம் குடும்பத்தாரிடமோ எழுத்தில் இசைவு பெறாது செய்யும் மாற்றம், எத்துணை நல்லெண்ணத்தோடு செய்யப்படினும், நிலைபெறாது. படிமமாக வெளியிட இசைந்தவர் திருத்தத்தக்க எழுத்தாக வெளியிடவும் இசைந்தார் எனக் கொள்ளுதலும் கூடாது. திருத்தத்தக்கது எவராலும் திருத்தத்தக்கதாகலின் அச்சம் இயல்பே. மூலபாடத்தை மாற்றாத முதற்கோப்பொன்றைத் தனியே பேணுவதாக உறுதியளிப்பது அவ்வச்சத்தைத் தணிக்கும்.

இப்பணி கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ மாத்திரம் நடைபெறுவதாயின் குறைபாடு தீராது. எழுத்துணரி தந்த பாடத்தையும் பக்கப் படிமத்தையும் ஒருங்கே அச்சிட்டு, லுணுகலைக்கும் ஹொப்டனுக்கும் மடுல்சீமைக்கும் அனுப்பி, அங்குள்ள ஆசிரியரும் ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளைமாரும் கொழுந்தெடுத்த மூதாட்டியரும் கூடியிருக்க ஒருவர் வாசிக்கக் கேட்டுத் திருத்துதல் வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத ஒருத்தி, தொங்கல் காம்பரா எதுவென்று கைநீட்டிக் காட்டுவாள். அவ்வாறு காட்டக்கூடியவர்களின் தலைமுறை விரைந்து குறைந்து வருகிறது. நூலகத்திலுள்ள படிமங்களோ காத்திருக்கின்றன.