அலிபிரியில் எட்டு டிகிரி

அலிபிரி டோல்கேட் கண்ணில் படும் நேரத்தில் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு: சறுக்கும் காரின் படம். சறுக்கலைக் கட்டுப்படுத்தும் ஈஎஸ்பியில் கோளாறு. முந்தின நாள்தான் வீல் அலைன்மென்ட் பார்த்திருந்தேன்; அதிலிருந்து நேர்சாலையிலும் ஸ்டியரிங் இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தே நின்றது.

சில நூறு ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் அடாப்டரைச் செருகினேன். கோளாறே இல்லை என்றது போன். அது விசாரித்தது இஞ்சினை மட்டும்! ஏபிஎஸ், ஈஎஸ்பி கம்ப்யூட்டரோடு பேச கம்பெனிக்குக் கம்பெனி வேறு பாஷை. மலிவு செயலிகள் பலவற்றுக்கு அது தெரியாது.

அடுத்து, பல மடங்கு விலையுள்ள கையடக்க ஸ்கேனர். ஏபிஎஸ் பகுதியைத் திறந்ததும் ஸ்டியரிங் ஆங்கிள் சென்சார் என்று கோடு காட்டியது. (யு0126 வந்தால் சென்சாரோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள், ஃப்யூஸ், வயரிலிருந்து தொடங்குங்கள்.) அழிக்கும் பட்டன் பக்கத்திலேயே இருக்கிறது, கை துறுதுறுக்கும். பொறுங்கள். கொடுத்த காசு லைவ் டேட்டாவுக்குத்தான்.

பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருப்பினேன். எண் சீராக ஏறி இறங்கியது. இடையில் துள்ளினாலோ உறைந்தாலோ சென்சார், கிளாக் ஸ்பிரிங், கனெக்டரைச் சந்தேகிக்கலாம். ஆனால் நேராக ஓட்டும்போது எட்டு டிகிரி! சக்கரம் திரும்பியிருக்கிறது என்கிறது இந்த சென்சார். வண்டி நேராகப் போகிறது என்கிறது, வண்டியின் திரும்பலை அளக்கும் யா (yaw) சென்சார். ஈஎஸ்பி யாரை நம்பும்?

ஸ்கேனரில் 'ஜீரோ செட்' வசதி உண்டு. அந்தச் சாய்வையே பூஜ்யமாக்கினால் விளக்கு அணையலாம்; ஸ்டியரிங் கோணலாகவே இருக்கும். காரை அங்கேயே விட்டுவிட்டு, மச்சானும் நானும் ஆர்டிசி பஸ்ஸில் மேலே திருமலைக்குப் போனோம். மறுநாள் திருப்பதியில் அலைன்மென்டைத் திருத்தி, சமதளத்தில் ஜீரோ செட் செய்தேன். இந்த வரிசை மாறக்கூடாது.

ஸ்கேனரின் குறைகள்: வெயிலில் திரை தெரியவில்லை, கேபிள் குட்டை, கொண்டை ஊசி வளைவுகளில் எண் ஒரு நொடி பின்தங்குகிறது. அலிபிரி சோதனைச் சாவடியில் "இதேமி சார்?" என்று கேட்டவருக்கு விளக்கவே நேரம் சரியாக இருந்தது.

சரிசெய்தபின் காரிலேயே, 1974இல் வந்த மலைப்பாதையில் ஏறி, 1944இல் திறந்த பழைய பாதையில் இறங்கினோம். நான் ஓட்ட, மச்சான் எண்களைப் படித்தான். விளக்கு எரியவில்லை; கீழே நேர்சாலையில் அரை டிகிரிகூட இல்லை. மச்சானுக்குத்தான் தலைசுற்றல், வளைவெல்லாம் திரையையே பார்த்துக்கொண்டு வந்தானாம்.