நாலு மூலை பிரியும் இடம்

காரைக்குடியில் சிக்ரி என்றால் எல்லோருக்கும் தெரியும். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரியில் திறக்கப்பட்ட மின்வேதியியல் ஆய்வகம். மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றிக்கொண்டே போய், மின்னோட்டம் எங்கே எழுகிறது என்று வரைவது அந்தத் துறையின் அன்றாட வேலை.

1998-இல் அமெரிக்காவின் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் ராய்ஸ் மரேயின் குழு, கரைசலில் மிதக்கும் தங்கத் துகள்களை வைத்து இதே வேலையைச் செய்தது. துகளின் தங்கக் கரு சுமார் 1.6 நானோமீட்டர்தான். வரைபடத்தில் கிட்டத்தட்டச் சம இடைவெளியில் மேடுகள் வந்தன. இந்தப் படத்தில் மேட்டின் உயரத்தை விட்டுவிட்டு இடைவெளியைப் பாருங்கள், சுமார் கால் வோல்ட். துகளின் மின்தேக்கு திறன் ஏறக்குறைய 0.6 அட்டோஃபேரட், ஓர் எலக்ட்ரானின் மின்சுமையை அதனால் வகுத்தால் அதே கால் வோல்ட் வருகிறது. அதாவது, ஒவ்வொரு மேட்டிலும் துகளுக்கு ஓர் எலக்ட்ரான் கணக்கு மாறுகிறது. அதுவும் சாதாரண அறை வெப்பத்தில்!

இது தனித்தனித் துகளின் கதை. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக எண்ணி அடைத்துவைக்கும் குட்டித் தீவுகளான குவாண்டம் புள்ளிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விருந்து. அதற்குக் குறைக்கடத்திச் சில்லும், தனிச்சுழிக்கு மிக அருகே போகும் குளிரும் வேண்டும். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு மின்வாய். இடப்பக்க மின்வாயின் அழுத்தம் கிடை அச்சில், வலப்பக்கத்தினுடையது நெடு அச்சில். படத்தின் ஒவ்வொரு கட்டமும் ‘இடத்தில் இத்தனை, வலத்தில் இத்தனை எலக்ட்ரான்’ என்று சொல்லும்.

இரு புள்ளிகளும் ஒன்றையொன்று சட்டை செய்யாவிட்டால் படம் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை மாதிரி: சதுரத்தை ஒட்டிச் சதுரம், நான்கு மூலைகள் ஒரே இடத்தில் கூடும். பார்க்க அழகுதான், ஆனால் அதில் செய்தி குறைவு. இடப்புள்ளியில் ஏறிய எலக்ட்ரான் வலப்புள்ளியில் அடுத்ததை ஏறவிடாமல் தள்ளத் தொடங்கினால், அந்த நாலு மூலைச் சந்திப்பு இரண்டு மும்முனைகளாகப் பிரிந்துவிடும். சதுரங்கள் தேன்கூட்டு அறுகோணங்களாகும். என்னைக் கேட்டால், மொத்தப் படத்திலும் பார்க்கவேண்டியது அந்தப் பிரிவின் நீளம் ஒன்றைத்தான். புள்ளிகள் ஒன்றையொன்று எவ்வளவு உணர்கின்றன என்பதன் அளவு அது. பிணைப்பு மிக அதிகமானால் இரண்டும் ஒரே பெரிய புள்ளியாகிவிடும். வெறும் சாய்கோடுகள்தான் மிஞ்சும். அலுப்பான படம்.

இதே தேன்கூட்டை இரண்டு விதமாகப் பார்க்கலாம். புள்ளிகளின் வழியே மின்னோட்டத்தை அளந்தால், பிணைப்பு தளர்வாக இருக்கும்போது, படம் முழுக்க இருட்டு. மும்முனைகள் மட்டும் இரட்டை இரட்டையாக மினுங்கும். பக்கத்தில் ஒரு மின்சுமை உணரியை வைத்துவிட்டால், மின்னோட்டமே இல்லாத எல்லைக்கோடுகளும் தெரியவரும். இரு மும்முனைகளை இணைக்கும் குட்டைக் கோட்டில் கண்ணை நிறுத்துங்கள். அங்கே மொத்த எண்ணிக்கை மாறுவதில்லை. ஓர் எலக்ட்ரான் இங்கிருந்து அங்கே இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் பல படங்களில் அந்தக் கோடு மட்டும் மற்றவற்றுக்கு எதிர் நிறத்தில் இருக்கும். நல்ல குளிரிலும் அது மங்கிப் பரந்திருந்தால், எலக்ட்ரான் இரு பக்கமும் தாராளமாக ஊடுருவுகிறது என்று பொருள்.

விளையாட்டு ஒன்றும் உண்டு. அழுத்தங்களை மாற்றி மாற்றி ஒரு மும்முனையைச் சுற்றிவந்தால், சுற்றுக்கு ஓர் எலக்ட்ரான் இரு புள்ளிகளையும் கடந்து ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போய்ச்சேரும். வினாடிக்குப் பத்து லட்சம் சுற்று சுற்றினாலும் கிடைப்பது 0.16 பிகோஆம்பியர்தான். சுற்றும் திசையை மாற்றாமல் அதே சுற்றை ஜோடி மும்முனையைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள்: மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடும்.