காண்டா சுமந்த முதுகும் குருத்தணு ஊசியும்

மலேசியாவின் கெமாஸ் சுற்றுவட்டாரத் தோட்டங்களில் என் பெரியப்பாவின் தலைமுறை காண்டா தூக்கிய தலைமுறை. கம்பின் இரு முனையிலும் ரப்பர் பால் வாளி, நடுவில் தோள், மேடு பள்ளம் பார்க்காமல் ஸ்டோர் வரை நடை. பிறகு ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. இருபது கிலோ குலையைக் குனிந்தெடுத்து, இடுப்பைத் திருப்பி வண்டியில் போட வேண்டும். அந்தத் திருப்பலைத் தாங்குவது முதுகின் கடைசி இரண்டு டிஸ்க்குகள்.

சென்ற ஆண்டு பெரியப்பா தன் எம்.ஆர்.ஐ. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "மேல உள்ளதெல்லாம் வெள்ளையா இருக்குடா, கீழ ரெண்டு மட்டும் கறுத்துப் போச்சு." நீர்ச்சத்துள்ள டிஸ்க் படத்தில் வெள்ளையாகத் தெரியும், வற்றியது கறுக்கும். அவர் சரியாகத்தான் படித்திருந்தார். மேசையில் ஒரு தனியார் கிளினிக்கின் விளம்பரத் தாள் கிடந்தது. ஒரே ஊசியில் டிஸ்க் புதிதாக வளருமாம். தாளில் விலை இல்லை. போன் செய்து கேட்டேன். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் வாங்குபவரின் ஓராண்டு வருமானத்துக்கு மேல் சொன்னார்கள். மிச்சமிருந்த இபிஎஃப் சேமநிதிப் பணத்தை எடுக்க அவர் தயாராக இருந்தார்.

ஸ்டெம் செல், நம் வழக்கில் குருத்தணு, வெறும் புரட்டு அல்ல. டிஸ்க் தேய்ந்தவருக்கு இன்று இருப்பவை வலி மாத்திரை, உடற்பயிற்சி, கடைசியில் பிதுங்கியதை வெட்டுவது அல்லது எலும்புகளைச் சேர்த்துப் பூட்டுவது. இவற்றில் எதுவும் வற்றிய டிஸ்க்கை மீட்பதில்லை. எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்கள் அழற்சியைத் தணிக்கும், டிஸ்க்கின் சொந்தச் செல்களைத் தூண்டிவிடும் என்ற எண்ணம் நோயின் வேரைத் தொடுகிறது. 2011இல் ஸ்பெயினில் 10 பேருக்கு அவரவர் மஜ்ஜைச் செல்களையே செலுத்தினார்கள். வலி குறைந்தது, டிஸ்க்கில் நீர்ச்சத்து கூடியது, உயரம் மட்டும் திரும்பவில்லை. நம்பிக்கை வளர அது போதுமானதாக இருந்தது.

சிக்கல் டிஸ்க்கின் இயல்பிலேயே இருக்கிறது. உடம்பில் இரத்தக்குழாய் இல்லாத பகுதிகளில் இதுவே மிகப் பெரியது. மேலும் கீழும் உள்ள எலும்பிலிருந்து கசிந்து வருவதுதான் அதற்கு உணவு. பிராணவாயு குறைவு, சர்க்கரை குறைவு, அமிலம் அதிகம். சொந்தச் செல்களே பட்டினி கிடக்கும் இடத்தில் லட்சக்கணக்கான விருந்தாளிகளை இறக்கினால் அவை எதைத் தின்று வாழும்? போதாததற்கு, முயல்களில் நடந்த ஓர் ஆய்வில் செலுத்திய செல்கள் கசிந்து வெளியேறி எலும்பு முட்களாயின. ஊசி குத்துவதே பின்னாளில் தேய்மானத்தை விரைவுபடுத்தலாம் என்றது 2009இல் வந்த ஒரு பத்தாண்டுத் தொடர் ஆய்வு.

பெரிய சோதனைகளைப் பார்ப்போம். ஆஸ்திரேலிய நிறுவனமான மெசோபிளாஸ்ட் 404 பேரிடம் செய்த ஆய்வு, தான் முன்கூட்டியே வகுத்த முதன்மை இலக்கை எட்டவில்லை என்று 2021 பிப்ரவரியில் அறிவித்தது. நோய் தொடங்கி அதிக காலம் ஆகாதவர்களிடம் வலி குறைந்தது தெரிந்ததால் அடுத்த சோதனைக்குப் போனார்கள். 2024இல் வெளிவந்த ஐரோப்பாவின் ரெஸ்பைன் ஆய்வில் 114 பேர். ஓராண்டு கழித்துச் செல் பெற்றவர்களில் நூற்றுக்கு 74 பேருக்குக் குணம் தெரிந்தது. செல் இல்லாத பாவனை ஊசி மட்டும் பெற்றவர்களில் 69 பேருக்கு! இந்த ஐந்து பேர் வித்தியாசத்தைத் தற்செயல் என்றே புள்ளியியல் ஒதுக்கிவிட்டது. அதனால்தான் "ஊசி போட்டேன், வலி போச்சு" என்று யாராவது மனதாரச் சொல்லும்போது அவர் பொய் சொல்லவில்லை என்று நம்புகிறேன், செல்தான் காரணம் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன்.

கறுத்த டிஸ்க்தான் வலிக்குக் காரணம் என்பதும் உறுதியில்லை. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்ததில், ஐம்பது வயதினரில் நூற்றுக்கு 80 பேருக்கு டிஸ்க் தேய்ந்திருந்தது. விளம்பரத் தாளில் இது வராது.

முறையான ஆய்வு நோயாளியிடம் காசு கேட்பதில்லை. ஒப்பிட ஒரு குழு இருக்கும், கெடுதல் நேர்ந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கும். அதே ஊசியை விலைக்கு விற்பவர் இந்த மூன்றையும் கழற்றிவிட்டு ஆபத்தை மட்டும் நம்மிடம் தருகிறார். 2018இல் அமெரிக்காவில் தொப்புள்கொடி இரத்தத்திலிருந்து செய்த 'ஸ்டெம் செல்' ஊசியால் 12 பேர் கிருமி தொற்றி மருத்துவமனையில் சேர்ந்தார்கள். மலேசியாவில் செல் சிகிச்சைப் பொருளை மருந்தாகவே பதிவுசெய்ய வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறையும் அங்கீகரித்த ஆய்வுக்கு வெளியே இதைச் சிகிச்சையாகக் கொடுப்பதை ஏற்கவில்லை. இரத்த நோய்களுக்கான மஜ்ஜை மாற்றம் வேறு கதை. சட்டம் இருக்கிறது, ஆனால் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வருகிறது.

பெரியப்பாவிடம் மூன்று கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இந்தப் பொருளுக்குப் பதிவு எண் உண்டா? இது ஆய்வா, ஆய்வென்றால் நான் ஏன் காசு கட்ட வேண்டும்? ஒரு வருடத்தில் வலி திரும்பினால் யாரைப் பார்ப்பது? கிளினிக் எதற்கும் எழுத்தில் பதில் தரவில்லை. இப்போது அரசாங்க மருத்துவமனையில் ஐந்து ரிங்கிட் கட்டி நிபுணரைப் பார்க்கிறார், பயிற்சி செய்கிறார். வலி பாதி குறைந்திருக்கிறது. பாவனை ஊசிக்காரர்களைப் போல அதுவும் தானாகக் குறைந்ததோ என்னவோ.

தோட்டத்தில் இன்று குலை தூக்குவோரில் பெரும்பாலோர் இந்தோனேசியரும் வங்காளதேசிகளும். விசைவெட்டி வந்து வெட்டும் வேலை லேசாகிவிட்டது. தரையில் விழுந்த குலையை இன்னும் பல இடங்களில் கையால்தான் வண்டியில் ஏற்றுகிறார்கள், அதே திருப்பலோடு.