தேவாலயத்தில் எவருடைய இசை?

வழிபாட்டிற் பலவகை இசைக்கும் இடம் வேண்டும் என்பதை இன்று மறுப்பவர் அரியர். மக்களினங்களின் சொந்த இசை மரபுகளுக்கு உரிய மதிப்பளிக்குமாறு 1963இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமே பணித்தது. ஆயின், ஓர் இனத்தின் மரபு என்னும்போது, அவ்வினத்துள் எப்பகுதியாரின் மரபு என்ற வினா எஞ்சி நிற்கின்றது.

தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரை (1774-1864) நோக்குவோம். கர்நாடக இராகங்களில் அவர் யாத்த கீர்த்தனைகள் இன்றும் தமிழ்த் திருச்சபைகளிற் பாடப்படுகின்றன. 1820களின் இறுதியில், புதிய மிஷனரிமார் அவற்றை ஆலயத்தில் விலக்க முற்பட்டபோது அவர் துணிந்து எதிர்த்தார். ஆனால், சாதியார் அனைவரும் ஆலயத்தில் ஒன்றாகக் கலக்கவேண்டும் என்ற அவர்களது கட்டளையையும் அதே மூச்சில் எதிர்த்தார். தன் பண்ணுக்கு உரிமை கேட்ட குரல், பக்கத்தில் அமர வந்தவனுக்கு உரிமை மறுத்தது.

கீர்த்தனைகளின் கலையழகை நாம் மறுக்கவில்லை. எனினும், அவற்றின் நுட்பம் பயிலாத உழைப்பாளி வெறுமனே கேட்போனாகி விடுகிறான். மதுரைத் தமிழ்நாடு இறையியற் கல்லூரியிற் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு (1940-2005) இதனை உணர்ந்தார். மக்கள் தாமே பாடவும், தம் தேவைக்கேற்ப மாற்றவும் இயன்ற கிராமிய இசையில் வழிபாட்டை அமைத்தார். இழிவெனத் தள்ளப்பட்ட பறைக்கும் அதில் இடமளித்தார்.

இங்கேதான் இசை வேற்றுமை பொருள் பெறுகின்றது. வாத்தியங்களின் தொகை இதற்கு அளவுகோலன்று. பறையை உள்ளே அழைத்துவிட்டுப் பறையறைவோனை வாசலில் நிறுத்தும் திருச்சபை, இசையை மாற்றியதேயன்றித் தன்னை மாற்றிக்கொள்ளவில்லை.